சம்பந்திச் சண்டையும் பிரபஞ்சத்தின் சாய்வும்

கோணலக்காவுக்கு அந்தப் பெயர் நடையாலோ குணத்தாலோ வந்ததல்ல. ஆராய்ச்சிக்கூடத்தில் கோணம் அளப்பதுதான் அவள் வேலை. தொலைநோக்கிக்குள் இருந்த ஆயிரத்து அறுநூறு உணரிகளில் எது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பாகைக் கணக்கில் சொல்லிவிடுவாள். சுவரில் மாட்டிய காலண்டர் நூலளவு சரிந்திருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தவள், எதிர்ச் சுவரில் இருந்த அவருடைய சான்றிதழ்ச் சட்டம் ஒன்றேகால் பாகை இடப்பக்கம் இறங்கியிருப்பதை விரலால் காட்டி, அவர் எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வந்த பிறகுதான் பல்லைப் பிடுங்க விட்டாள்.

"என் கோணம் தப்பாப் போச்சுன்னா நான் பேரையே மாத்திக்கிறேன்" என்று அவள் வாரத்துக்கு நான்கு முறை சபதம் போடுவாள்.

"இப்ப இருக்கிற பேரைவிட மட்டமா ஒண்ணு கிடைக்கணுமே" என்பார் பக்கத்து மேஜைக்காரர்.

அந்தப் பக்கத்து மேஜைக்காரர் அவளுக்குச் சம்பந்தி. பேச்சுக்குச் சொல்லும் உறவு இல்லை, நிஜச் சம்பந்தி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரு நாள் விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும், ஆராய்ச்சிக்கூடம் குடும்பங்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஒரு நாளில் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். பெரியவர்கள் கரும்பலகை முன்னால் கத்திக்கொண்டிருக்க, அவளுடைய மகளும் அவருடைய மகனும் காது வலிக்கிறது என்று வெளியே போய் நின்றார்கள். போனவர்கள் திரும்பி வந்தது கல்யாணச் செய்தியோடுதான். அதன் பிறகு சண்டை குறைந்தது என்று நினைத்தால் தவறு. முன்பு அலுவலக நேரத்தில் மட்டும் நடந்தது, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தது. பொறுக்க முடியாமல் மகள் வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேஜையில் 'பாகை' என்ற சொல்லை யார் உச்சரித்தாலும் அவர்தான் அன்றைக்குப் பாத்திரம் துலக்க வேண்டும். அந்த வீட்டில் பாத்திரங்கள் தேய்ந்து தேய்ந்து காகிதம்போல் மெலிந்துவிட்டன.

அவர்கள் இருவரும் சேர்ந்து தேடிய விஷயம் என்னவோ மிகவும் பெரியது. கண்ணாடியில் முகம் பார்த்தால் இடம் வலமாகிறது, வலம் இடமாகிறது. மொத்தப் பிரபஞ்சத்தையும் அப்படி ஒரு கண்ணாடியில் காட்டினால் அசலுக்கும் பிம்பத்துக்கும் வித்தியாசம் தெரியுமா? வேறு மாதிரி சொன்னால், பிரபஞ்சத்துக்கு இடக்கை எது வலக்கை எது என்று தெரியுமா?

இதைக் கேட்டுச் சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. பிரபஞ்சம் பிறந்த கொஞ்ச காலத்தில் புறப்பட்டு, ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷமாக வழியில் எங்கும் தங்காமல் வந்துகொண்டிருக்கும் பழைய ஒளி. ஒளிக்கு ஓர் ஆட்டம் உண்டு. சில ஒளி மேலும் கீழுமாக ஆடும், சில ஒளி பக்கவாட்டில், சில ஒளி சாய்வாக. வரும் வழியெல்லாம் பிரபஞ்சம் இடம் வலம் பார்த்து ஓரவஞ்சனை செய்திருந்தால், பழைய ஒளியின் ஆட்டம் மொத்தமாக ஒரே பக்கம் துளி திரும்பியிருக்கும். துளி என்றால் துளிதான். கடிகாரத்தின் நிமிட முள் மூன்று நொடியில் நகரும் அளவு.

தொல்லை என்னவென்றால், வானம் அந்தத் துளி திரும்பியிருந்தாலும், தொலைநோக்கிக்குள் உணரிகள் அந்தத் துளி சாய்ந்து பொருத்தப்பட்டிருந்தாலும், திரையில் வருவது ஒரே எண்தான். திரும்பியது வானமா, திருகாணியா? அதைப் பிரித்துச் சொல்லத்தான் இரண்டு சம்பந்திகளும்.

கோணலக்காவின் வழி நேர்வழி. ஒரு பெரிய வளையத்தில் மெல்லிய கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டிய ஒரு சட்டத்தைத் தொலைநோக்கியின் வாயில் மாட்டுவாள். உணரிகள் அந்தக் கம்பிகளைப் பார்த்துத் தங்கள் சாய்வைச் சொல்லும். கம்பிகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதைக் கொத்தனார் வைத்திருக்கும் அதே தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு அவள் அளப்பாள். கோடிக்கணக்கான வருஷத்து விசாரணைக்கு ஒரு நூலும் ஓர் ஈயக் குண்டும்.

சம்பந்தியின் வழி சுற்றுவழி. நம் பால்வெளியில் கிடக்கும் தூசியும் சாய்வான ஒளியை அனுப்புகிறது. அது பக்கத்து வீட்டு ஒளி. வந்த தூரம் கொஞ்சம் என்பதால் வழியில் திரும்ப நேரமே இல்லை. ஆகவே அதில் தெரியும் ஒருபக்கச் சாய்வு முழுவதும் கருவியின் சாய்வு.

"தூசி ஒருபக்கமாச் சாயாதுன்னு உங்ககிட்ட வந்து சத்தியம் பண்ணிச்சா சம்பந்தி?" என்று அவள் கேட்பாள்.

"உங்க ஈயக் குண்டு மட்டும் கோர்ட்ல கூண்டுல ஏறி நின்னுச்சா?" என்பார் அவர்.

இந்த இருவருக்கும் மேலே இருந்தவரை எல்லோரும் சந்தேகம் சார் என்றே அழைத்தார்கள். காலையில் யாராவது வணக்கம் சொன்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்து, காலைதான் என்று உறுதி செய்துகொண்டு பதில் வணக்கம் சொல்பவர் அவர். ஆசை கண்ணை மறைக்கும் என்று பயந்து அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பழைய ஒளியின் விடையோடு கணினி ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி வைத்திருந்தது. அந்த எண் யாருக்கும் தெரியாது. எல்லாச் சோதனைகளும் முடிந்து, இரண்டு சம்பந்திகளின் கோணமும் பத்தில் ஒரு பாகைக்குள் ஒத்துப்போனால் மட்டுமே ரகசிய எண்ணைக் கழித்து விடையைப் பார்க்கலாம். பார்த்த பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது.

ஆறு வருஷம் கழித்து இரண்டு கோணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒத்துப்போகவில்லை. அரைப் பாகைக்கும் மேல் இடைவெளி, சரியாகச் சொன்னால் பூஜ்யம் புள்ளி ஆறு.

பாத்திரம் துலக்குவதில் தீருகிற இடைவெளி இல்லை அது.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணி வரைக்கும் டைம்" என்றார் சந்தேகம் சார். "அதுக்குள்ள காரணம் கிடைக்கலைன்னா ரகசிய எண்ணோட பூட்டைத் திறக்க மாட்டேன். சொல்ல இயலவில்லைன்னு ஒரு வரி எழுதி அறிக்கையை முடிச்சுடலாம்."

"திரும்ப அளந்துடறேன் சார்" என்றாள் கோணலக்கா.

"எதை அளப்பீங்க? தொலைநோக்கியைப் பிரிச்சு மூணு மாசம் ஆச்சு. பாதி பழைய இரும்புக் கடைக்குப் போயாச்சு."

அதுதான் விஷயம். மலையுச்சியில் இருந்த தொலைநோக்கி இப்போது இல்லை. வெள்ளிக்கிழமை தவறினால் ஆறு வருஷ வானமும் அந்த ஒரு வரிக்குள் புதைந்துவிடும். இன்னொரு தொலைநோக்கி கட்டி முடிப்பதற்குள் சம்பந்திகளின் பேரப்பிள்ளைகளுக்கே சம்பந்தி வந்துவிடுவார்கள்.

வேறு யாராவது என்றால் ஆடிப்போயிருப்பார்கள். கோணலக்கா ஆடவில்லை. அன்று இரவு மகள் போனில் அழைத்தபோது அம்மாவின் குரலில் கல்யாண வீட்டுக் களை இருந்தது.

"அம்மா, மாமா இங்க வந்து முகத்தைத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்காரு. நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"நான் என்ன சொல்லப் போறேன்? உங்க மாமனாரோட தூசி தப்புன்னு சொன்னேன்."

"அவரு உங்க குண்டு தப்புங்கிறாரு."

"என் குண்டு கீழதான் தொங்கும். அது மேல தொங்கிச்சுன்னா சொல்லச் சொல்லு, ஒத்துக்கறேன்."

"ரெண்டு பேரும் சரியா இருந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"அந்தக் கொடுமையெல்லாம் நடக்காது. நீ போய்ப் படு."

மறுநாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் சம்பந்தியின் மேஜை முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வாங்க. கம்பிச் சட்டம் கீழ ஸ்டோர்ல இருக்கு. நான் எப்படி அளந்தேன்னு உங்க கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டறேன். ஒவ்வொரு அசைவையும் பாருங்க. எங்கயாவது ஒரு ஓட்டை கண்டுபிடிச்சீங்கன்னா ஒரு மாசம் உங்க வீட்டுப் பாத்திரமும் நான்தான்."

"எழுதித் தருவீங்களா?"

"வாய் வார்த்தை போதும். தோக்கப் போறது நீங்க."

ஸ்டோர் அறை நிலத்தடியில் இருந்தது. அதன் பொறுப்பாளரான ஸ்டோரம்மா பேரேடும் கத்தரிக்கோலுமாக எழுந்து வந்தார். ஒரு ஆணி வேண்டுமென்றாலும் ஆணியின் தாய் தந்தை பெயர் கேட்டு எழுதிக்கொண்டுதான் தருவார். மலையிலிருந்து வந்த மரப்பெட்டி, போட்ட முத்திரையோடு அப்படியே இருந்தது. நேரம் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, முத்திரையை வெட்டினார். உள்ளே பிளாஸ்டிக் சுற்றிய கம்பிச் சட்டம். ஆள் உயர வளையம். கம்பிகள் தலைமுடியைவிட மெலிசு. நேராகப் பார்த்தால் மெல்லிய புகைபோல் இருக்கும், அந்தப் பக்கம் நிற்பவர் முகம் தெளிவாகத் தெரியும்.

மூவருமாகத் தூக்கி அதைக் கூரைக் கொக்கியில் மாட்டினார்கள். நூலில் ஈயக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கோணலக்கா விறுவிறுவென்று ஒரு பக்கம் போய் நின்றாள். சம்பந்தி, அவளுடைய ஒவ்வொரு அசைவையும் பார்ப்பதற்காக, மறுபக்கம் நின்றார்.

"இதோ நூல். இதோ கம்பி" என்றாள். "நூலை விட்டுக் கம்பி எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சோ, அதே மாதிரி இப்ப வளையத்தைத் திருப்பறேன். கடிகாரத் திசையில. பாத்துக்குங்க."

திருப்பினாள்.

"எதிர்த் திசையில திருப்பறீங்க" என்றார் அவர்.

"என்னது?"

"கடிகாரத்துக்கு எதிர்த் திசையில திருப்பறீங்க. இது தெரியாமலா பதினோரு வருஷம் சம்பளம் வாங்கினீங்க?"

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க சம்பந்தி! முள்ளு இப்படித்தானே போகும்?" அவள் காற்றில் பெரிய வட்டம் போட்டுக் காட்டினாள்.

"எங்க வீட்டுக் கடிகாரம் இப்படிப் போகும்!" அவரும் வட்டம் போட்டார்.

கம்பிகளுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து எதிரெதிராகச் சுழன்றன. குரல்கள் ஏறின. அலமாரியில் இருந்த திருகாணி டப்பாக்கள் கிலுகிலுத்தன. ஐந்து மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் ஒருவர் நிலநடுக்கம் என்று படிக்கட்டுக்கு ஓடினார் என்றும் கேள்வி.

ஸ்டோரம்மா பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னுட்டுச் சண்டை போட்டா என்ன?"

கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன.

சம்பந்திதான் முதலில் வாயைத் திறந்தார். குரல் பாதியாக இறங்கியிருந்தது. "சம்பந்தி... நீங்க ஏன் அந்தப் பக்கம் நிக்கறீங்க?"

"இங்கதானே நின்னேன், அளந்த அன்னிக்கு."

"அங்கயா? அது தொலைநோக்கிக்கு உள்பக்கம்."

"ஆமா, உள்பக்கம்தான்."

"ஏணி போட்டு வெளிய நின்னு, தொலைநோக்கியோட வாயைப் பாத்து அளக்கணும்னுதானே திட்டத்துல எழுதியிருந்தேன்?"

"ஏணி எங்க இருந்துச்சு?" என்றாள் அவள். "அன்னிக்கு அடிச்ச காத்துல ஏணி பறந்து போய் சமையல் கூடாரத்து மேல உக்காந்துச்சு. மூக்கைப் பிடிச்சுக்கலைன்னா மூக்கும் போயிருக்கும். கட்டின நூல் தரைக்குப் படுக்கையா நின்னுச்சு. தூக்குக் குண்டு நேரா தொங்குமா அதுல? அதான் குழாய்க்குள்ள தவழ்ந்து போய், காத்து படாத இடத்துல, உள்ள உக்காந்து அளந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"கோணத்தைக் கேட்டீங்க, சொன்னேன். எங்க உக்காந்தேன்னு கேட்டீங்களா? உங்க புரோகிராம் என்ன கேட்டுச்சு? எத்தனை பாகை, கடிகாரத் திசையா எதிர்த் திசையா, அவ்வளவுதான்."

அவர் தரையில் கிடந்த மரப்பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தார். "அளக்கிறவங்க வெளிய நிப்பாங்க, வானத்தைப் பாக்கிற தொலைநோக்கிக்கு அது எதிர்ப் பக்கம்னு, என் புரோகிராம் உங்க திசையைத் தானா ஒரு தடவை மாத்திக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே!"

அவள் பார்த்த திசை நல்ல திசை. அவர் நிரல் அதை வெளியாளின் திசை என்று நம்பி மாற்றிப் போட்டது. ஒரு திசை, தேவையில்லாமல் ஒரு புரட்டல். அன்று அளந்த சாய்வு பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று. அந்த எண் ஆயிரத்து அறுநூறு கோணங்களோடு கூட்டிக் கரைந்து நிரலின் வயிற்றுக்குள் போய் எந்தக் காலமோ ஆகிவிட்டது. ஒருவரும் அதைத் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் புள்ளி மூன்று ஒன்று போக வேண்டியது மறுபக்கம் போனால் வித்தியாசம் எவ்வளவு?

"புள்ளி ஆறு ரெண்டு" என்றார்கள் இருவரும்.

கோணலக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிரபஞ்சத்துக்கு இடம் வலம் தெரியுமா என்று ஆறு வருஷமாகக் குறுக்கு விசாரணை செய்தவர்கள், ஒரு வளையத்தின் முன்னால் யார் எந்தப் பக்கம் நிற்பது என்று பேசிக்கொள்ளவே இல்லை.

அரை மணி நேரத்தில் சந்தேகம் சார் ஸ்டோருக்கு இறங்கி வந்தார். முழுவதையும் கேட்டார். தாடையைத் தடவிக்கொண்டார்.

"அழகா இருக்கு" என்றார். "ரொம்ப அழகா இருக்கு. அதான் உதைக்குது. என்ன வித்தியாசம் வேணுமோ அதே வித்தியாசம் தர்ற ஒரு தப்பு, கெடுவுக்கு முந்தின நாள் கிடைக்குது. உள்ள உக்காந்திருந்தேன்னு இன்னிக்குச் சொல்றீங்க. அளந்த அன்னிக்கு அங்க உக்காந்திருந்தீங்கன்னு யாருக்குத் தெரியும்? நோட்டுல இருக்கா?"

நோட்டில் இல்லை. கடிகாரத் திசை, எண், தேதி. அவ்வளவுதான்.

சம்பந்தி எழுந்து நின்றார். "சார், எனக்குத் தெரியும். இவங்க வாயில ஆயிரம் வரும், பொய் ஒண்ணு வராது."

பதினோரு வருஷத்தில் அவர் அவளைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. கோணலக்காவுக்கு ஒரு நிமிஷம் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்றே புரியவில்லை.

"சம்பந்தி சாட்சி செல்லாது" என்றார் சந்தேகம் சார்.

அவள் வளையத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அளந்த அன்றைய நாளை மனதில் ஒரு சுற்றுச் சுற்றினாள். குழாய்க்குள் இருட்டு, முழங்காலில் குளிர், வாயில் கடித்துக்கொண்ட டார்ச். வளையத்தின் அளவுக்கோடுகள் வெளிப்பக்கம் செதுக்கப்பட்டிருந்தன, உள்ளேயிருந்து தெரியாது. பிறகு எதைப் பார்த்து அளந்தாள்?

"சார்" என்றாள். அவள் குரலில் துளியும் அவசரம் இல்லை. "வளையத்துக்கு அடியில, உள்பக்கம் பாருங்க. உள்ள இருந்து படிக்கக் கோடு இல்லைன்னு, நானே ஒரு காகிதத்துல கோடு போட்டு ஒட்டினேன். அதைப் பிய்ச்சதா எனக்கு ஞாபகம் இல்லை."

சந்தேகம் சார் முழங்காலிட்டுக் குனிந்தார். உள்பக்கம், வளையத்தின் அடிவிளிம்பில், விரல் நீளக் காகிதம் ஒன்று பழுப்பேறிய பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பென்சில் கோடுகள். நடுவில் பூஜ்யம். ஒரு பக்கம் மூன்றாவது கோட்டைத் தாண்டி ஒரு சிறிய குறி, பக்கத்தில் அன்றைய தேதி, கோணலக்காவின் நேர்கோட்டுக் கையெழுத்தில். வெளியே நிற்பவரால் அதைப் படிக்கவே முடியாது. வளையம் மறைத்துவிடும்.

அவர் நகத்தால் பசையைச் சுரண்டினார். முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு ஸ்டோரம்மாவிடம் திரும்பினார்.

"பெட்டி முத்திரையோடதான் இருந்துச்சா?"

ஸ்டோரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் ஸ்டோர்ல முத்திரை இல்லாம ஒரு கொசு உள்ள இருந்ததில்லை" என்று பேரேட்டை அவர் மூக்குக்கு அருகில் விரித்துக் காட்டினார். பத்து மணி பதினேழு நிமிஷம், முத்திரை முழுசு, வெட்டியது இன்னார்.

சந்தேகம் சார் அந்த வரியை மூன்று முறை படித்தார். பிறகு எழுந்து, கால்சட்டைத் தூசியைத் தட்டினார்.

"இப்பவே மாத்துங்க. ஒரு புரட்டலை மட்டும். வேற எதையும் தொடக் கூடாது."

மாற்றினார்கள். இரண்டு கோணங்களும் நூற்றில் இரண்டு பாகை இடைவெளிக்குள் வந்து நின்றன. சம்பந்தி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தூசி சரிதான் போல சம்பந்தி" என்றாள் அவள்.

"குண்டும் சரிதான்" என்றார் அவர்.

அந்த வார்த்தைகளைச் சொல்ல இருவருக்கும் எவ்வளவு வலித்தது என்பதை அளக்கும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்ட அறையில் நாற்காலி போதாமல் ஜன்னல் திண்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோணலக்கா உறுதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். சம்பந்தியும் போட்டார். சந்தேகம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பிறகு விசையை அழுத்தினார். கணினி ரகசிய எண்ணைக் கழித்தது.

திரையில் வந்தது: பூஜ்யம் புள்ளி மூன்று மூன்று. பிழை, கூட்டியோ கழித்தோ, புள்ளி ஒன்று.

எண் பூஜ்யமாக இல்லை. பிழையைப்போல மூன்று பங்குக்கும் மேல். கண்டுபிடித்துவிட்டோம் என்று மார்தட்ட ஐந்து பங்கு வேண்டும். எதுவுமில்லை என்று ஒதுக்கித் தள்ள ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இது நடுவில் நிமிர்ந்து நின்றது.

"அப்படின்னா" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் தயங்கிக் கேட்டது, "பிரபஞ்சத்துக்கு இடது வலது தெரியுமா, தெரியாதா?"

"எங்க ரெண்டு பேரையும்விட நல்லாவே தெரியும் போல இருக்கு" என்றாள் கோணலக்கா.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சந்தேகம் சார் சிரிக்கவில்லை. ஆனால் அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்ற விதத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு எண்ணைச் சந்தேகப்பட மனம் வராமல் தவிப்பது தெரிந்தது. கடைசியில், "கட்டுரையில அந்தப் புரட்டலைப் பத்தி ஒரு வரி இருக்கணும். என்ன நடந்ததோ அப்படியே" என்றார்.

"நானே எழுதறேன்" என்றாள் கோணலக்கா.

"நாம எழுதறோம்" என்றார் சம்பந்தி.

நாற்காலிகள் காலியாவதற்குள் அவர்கள் ஒரே காகிதத்தின் மேல் குனிந்திருந்தார்கள். முதல் வரியில் அளந்தவர் உள்ளே அமர்ந்ததை எழுதுவதா, நிரல் எழுதியவர் அவர் வெளியே நிற்பார் என்று நம்பியதை எழுதுவதா என்பதில் உடனே தகராறு கிளம்பியது. ஒரு வரி ஒரு பத்தியாயிற்று, பத்தி பக்கமாயிற்று. மத்தியானம் மூன்று மணிக்கு, பிரபஞ்சத்தின் சாய்வு இரண்டு வரியிலும் சம்பந்திகளின் தவறு நாலரைப் பக்கத்திலும் முடிந்திருந்தது. சந்தேகம் சார் அதில் ஒரு எழுத்தைக்கூட வெட்டாமல் அனுப்பி வைத்தார்.